பழம்பெரும் மரங்களும் பார்வையாளர்களும்

மும்பை மாநகரில் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் மாட்டுங்காவில், ‘ஐந்து தோட்டங்கள்’ எனப்படும் பூங்காக்களைச் சூழ்ந்த சாலைகள் நண்பகலிலும் நிழல் நிறைந்து விளங்குகின்றன. அந்நிழலைத் தருபவற்றுள் முக்கியமானவை தூங்குமூஞ்சி மரங்கள். சற்றுத் தெற்கே, பைக்குலாவிலுள்ள வீரமாதா ஜீஜாபாய் போஸ்லே தோட்டத்தில், ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட, பருத்த அடிமரமுடைய பெருக்க மரத்தைக் காணலாம்.

மகாராஷ்டிரத்தில் நகர்ப்புற மரங்களைப் பாதுகாப்பதற்கென 1975-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2021-ல் அது திருத்தப்பட்டபோது, 50 ஆண்டுகளும் அதற்கு மேலும் வயதுடைய மரங்கள் பாரம்பரிய மரங்கள் என வகுக்கப்பட்டன. கோடரியைத் தடுத்து நிறுத்தச் சட்டம் துணைசெய்யும். ஆனால், மரத்தைக் கண்டு வியப்பதற்கென்றே வருவோர் தம்மையறியாமல் இழைக்கும் தீங்கு வேறு வகையானது. அது உடனே கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

மிதிபடும் வேர்கள்

மரத்தின் வேர்கள் யாவும் நிலத்தின் அடியாழத்தில் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், நீரையும் உப்புக்களையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி, மேல்மண்ணில் சுமார் அரை மீட்டர் ஆழத்திற்குள்ளாகவே பரவியிருக்கிறது. அவை பக்கவாட்டில் கிளைகளின் எல்லையையும் கடந்து செல்கின்றன.

வேர்களும் சுவாசிக்கின்றன. அதற்கு வேண்டிய பிராணவாயு, மண் துகள்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகளின் வழியே வருகிறது. நல்ல மண்ணின் கன அளவில் ஏறத்தாழப் பாதி இத்தகைய இடைவெளியே ஆகும். ஓரிடத்தைப் பலர் மீண்டும் மீண்டும் மிதிக்கும்போது இந்த இடைவெளிகள் நசுங்கி, மண் இறுகிவிடுகிறது. பின்னர் காற்று உட்புகுவதும் கடினம். மழைநீர் இறங்குவதும் கடினம்.

மும்பையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கு மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. அக்காலத்தில் நீரை ஏற்காத மண், எஞ்சிய எட்டு மாதங்களில் மரத்தை வாட்டத்திற்கு உள்ளாக்குகிறது. மெல்லிய வேர்கள் மடிகின்றன. சில ஆண்டுகள் சென்றபின் உச்சிக் கிளைகள் பட்டுப்போகின்றன. வேர்ப்பிடிப்புத் தளர்ந்த மரம் ஒரு புயற்காற்றில் சாயும்போது, அதன் கீழே நடப்போரின் உயிருக்கும் ஆபத்து நேரிடுகிறது.

பட்டையில் ஏற்படும் காயம்

இலைகளில் உண்டாகும் உணவு, பட்டையின் உட்பகுதி வழியாகவே வேர்களுக்குச் செல்கிறது. அதை ஒட்டியிருக்கும் மிக மெல்லிய வளர்படையே மரத்தைப் பருக்கச் செய்வது. கத்தியால் பெயர் செதுக்குவோர் இவ்விரண்டையும் அறுக்கின்றனர். மரம் உயர்ந்தாலும் செதுக்கிய பெயர் உயர்வதில்லை. மரம் நுனியில்தான் நீள்கிறது. அடிமரம் பருக்க மட்டுமே செய்கிறது. ஆகவே அவ்வடு அதே உயரத்தில் அகன்றுகொண்டே போகும்.

மனிதனின் தோலைப்போல மரம் தன் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை. சேதமுற்ற பகுதியைத் தடுப்பிட்டு ஒதுக்கி, அதைச் சுற்றிப் புதிய திசுவை வளர்க்கிறது. அதற்குள் காளான்கள் புகுந்துவிட்டால் உள்ளே உளுத்துப்போகும். காலில் இரும்பு முட்களைக் கட்டிக்கொண்டு ஏறும் முறையை, வெட்டி வீழ்த்த வேண்டிய மரங்களுக்கு மட்டுமே மரப்பராமரிப்பு வல்லுநர்கள் கையாள்கின்றனர். உயிருடன் காக்கவேண்டிய மரத்தில் கயிற்றின் துணைகொண்டே ஏறுகின்றனர். ஆலம் விழுதுகளைப் பிடித்து ஆடுவதும் தீங்கானதே. நிலத்தைத் தொடுமுன் முறிந்த நுனி, தாங்கும் தூணாக மாறுவது தடைப்படுகிறது.

இரண்டு உதாரணங்கள்

கல்கத்தாவை அடுத்த ஹௌராவின் தாவரவியல் தோட்டத்திலுள்ள பேராலமரம் 250 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. 1864, 1867 ஆகிய ஆண்டுகளின் புயல்களால் காயமுற்ற அதன் அடிமரத்தைக் காளான் தாக்கியது. 1925-ல் அது வெட்டி அகற்றப்பட்டது. எனினும், விழுதுகள் தூண்களாக ஊன்றியிருந்தமையால் மரம் அழியவில்லை. இன்று பார்வையாளர்கள் வேலிக்கு வெளியே நின்றே அதைக் காண்கின்றனர்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், 115 மீட்டருக்கு மேல் உயர்ந்த ‘ஹைப்பீரியன்’ என்னும் செம்மரம் 2006-ல் கண்டறியப்பட்டது. அதன் இருப்பிடம் வெளியிடப்படவில்லை. ஆயினும் பலர் தேடிச் சென்றனர். பாதையற்ற காட்டில் புதிய தடங்கள் தோன்றின. அடிமரத்தைச் சுற்றியிருந்த பெரணிச் செடிகள் மறைந்தன. 2022-ல் அப்பகுதி மூடப்பட்டது. மீறுவோருக்கு 5,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம் என அறிவிக்கப்பட்டது.

செய்யத்தக்கவை

இவற்றால் பெறப்படும் பாடம் எளியது. இயன்றவரை கிளைகளின் விளிம்பில் ஒரு தாழ்ந்த வேலி, அதற்கு வெளியே நடைபாதை, வேலிக்குள் சிமெண்டு பூசாத மண், அதன்மேல் பெருக்கி அகற்றப்படாத சருகுகள் ஆகியவை போதும். சாலையோர மரங்களுக்கு இத்தனை இடம் கிடைப்பதில்லை. அங்கே அடிமரத்தைச் சுற்றிச் சிறிதளவு திறந்த மண்ணை விட்டுவைப்பதும் பயன்தரும். ஆணி அறைதலும் கம்பி சுற்றுதலும் அறவே தவிர்க்கத்தக்கவை.

இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். ஆனால் சாய்ந்துவிட்ட ஒரு முதுமரத்தின் நிழலை, அதன் இடத்தில் நடப்படும் கன்று மீண்டும் தருவதற்கு ஒரு மனிதனின் ஆயுட்காலம் வேண்டும்.