குருவி ஏன் கண்ணாடியோடு சண்டை போடுகிறது?

வாசலில் அப்பாவின் பைக் நிற்கிறது. அதன் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு சிட்டுக்குருவி வந்து உட்காருகிறது. கண்ணாடியை எட்டிப் பார்க்கிறது. அவ்வளவுதான்... 'டொக் டொக்' என்று ஒரே கொத்து! விரட்டினால் பறந்து போய், இரண்டே நிமிடத்தில் திரும்ப வந்து மறுபடியும் கொத்துகிறது. காலை முழுக்க இதே வேலை. கண்ணாடி பூராவும் எச்சம்! "இந்தக் குருவிக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று அப்பா அலுத்துக் கொள்கிறார்.

கிறுக்கெல்லாம் இல்லை, குட்டீஸ்! அந்தக் குருவி தன் குடும்பத்தைக் காப்பாற்றப் போராடிக் கொண்டிருக்கிறது.

கூடு கட்டும் காலம் வந்துவிட்டால், ஒவ்வொரு ஜோடிப் பறவையும் ஒரு சின்ன எல்லையைத் தனக்கென்று வைத்துக் கொள்ளும். அதற்குள் அதே இனத்தைச் சேர்ந்த வேறு பறவை நுழைந்தால் விரட்டி அடிக்கும். கண்ணாடியில் தெரிவது தன் உருவம்தான் என்று குருவிக்குத் தெரியாது. 'எவனோ ஒருத்தன் நம் இடத்துக்குள் புகுந்து விட்டான்' என்று நினைத்துத் தாக்குகிறது. நிஜமான எதிரி என்றால், நாலு கொத்து வாங்கியதும் ஓடிவிடுவான். கண்ணாடிக்குள் இருப்பவனோ ஓடுவதே இல்லை! இவன் கொத்தினால் அவனும் கொத்துகிறான். அதனால்தான் சண்டை முடிவதே இல்லை. தையல் சிட்டு, தேன்சிட்டு எல்லாம்கூட இப்படிச் சண்டை போடுவதைப் பார்க்கலாம்.

வேடிக்கையாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். இரை தேட வேண்டிய நேரத்தையெல்லாம் இந்தச் சண்டையிலேயே செலவழித்தால், கூட்டில் இருக்கும் குஞ்சுகளின் கதி? பைக்கை நிறுத்தியதும் இரண்டு கண்ணாடிகளையும் பழைய சாக்ஸால் மூடிவிடுங்கள். ஜன்னல் கண்ணாடி என்றால், வெளிப்பக்கம் செய்தித்தாளை ஒட்டுங்கள். எதிரி காணாமல் போனதும், குருவி வெற்றிப் பெருமிதத்தோடு தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்!

எல்லாப் பறவைகளும் இப்படி ஏமாறுவதில்லை. நம் காக்கைக்குச் சொந்தக்காரப் பறவையான மாக்பையை வைத்து ஜெர்மனியில் ஒரு சோதனை நடத்தினார்கள். அது 2008ல் வெளிவந்தது. மாக்பையின் அலகுக்குக் கீழே, கழுத்தில் ஒரு வண்ணப் பொட்டை ஒட்டினார்கள். கண்ணாடி இல்லாமல் அது கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி முன் நிறுத்தியதும், சில மாக்பைகள் தங்கள் கழுத்தைக் காலால் சுரண்டிப் பொட்டை எடுக்கப் பார்த்தனவாம். 'அது நான்தான்' என்று புரிந்திருக்கிறது பாருங்கள்!

காக்கா தலையில் கொத்தினால்...

காக்கா தலையில் தட்டிவிட்டால் வீட்டில் ஒரே களேபரம் ஆகிவிடும். பாட்டி, "ஆகாது... தலைக்கு ஊத்திட்டு கோவிலுக்குப் போய் விளக்குப் போடு" என்பார். காக்கையைக் கேட்டால் வேறு காரணம் சொல்லும்!

காக்கைகள் பெரும்பாலும் கோடையை ஒட்டிக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். குஞ்சு பறக்கப் பழகும் நாட்களில், கூட்டை விட்டு இறங்கிக் கிளையிலோ, மதில் மேலோ, சில சமயம் தரையிலோ உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் யார் அந்தப் பக்கம் போனாலும், அம்மா, அப்பா காக்கைகள் பின்னாலிருந்து பாய்ந்து தலையில் தட்டும். குடை பிடித்துக் கொண்டோ, தொப்பி போட்டுக் கொண்டோ போனால் போதும். ஒரு வாரமோ, பத்து நாளோ அந்தத் தெருவைச் சுற்றிக் கொண்டு போனால் இன்னும் நல்லது. தரையில் நிற்கும் குஞ்சை, 'பாவம், விழுந்துவிட்டது' என்று வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். நாய், பூனை வரும் இடம் என்றால், பக்கத்தில் இருக்கும் செடி மேலோ, மதில் மேலோ பெரியவர்களை விட்டு ஏற்றி வைக்கச் சொல்லிவிட்டு, நகர்ந்து விடுங்கள். அம்மா காக்கா வந்து இரை ஊட்டும்.

இன்னொரு விஷயம்... காக்கா ஆளை மறக்காது!

அமெரிக்காவில், சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியர் 2006ல் ஒரு சோதனை செய்தார். குகை மனிதன் முகமூடியைப் போட்டுக் கொண்டு, ஏழு காக்கைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டுவிட்டார்கள். அதன் பிறகு அதே முகமூடியோடு யார் அந்த வளாகத்தில் நடந்தாலும், காக்கைகள் சூழ்ந்து கொண்டு கத்தித் தீர்த்தன. வேறு முகமூடி போட்டு நடந்தவர்களைச் சீண்டவே இல்லை. ஆச்சரியம் என்ன தெரியுமா? வருடங்கள் போகப் போக, கத்தும் காக்கைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது! பிடிபட்டது என்னவோ ஏழுதான். மற்றவை எல்லாம் அம்மா, அப்பாவைப் பார்த்தும், கூட்டாளிகளைப் பார்த்தும் 'இந்த ஆள் மோசம்' என்று கற்றுக் கொண்டவை. எனவே, காக்கா மீது கல் எறியும் சுட்டிகள் ஜாக்கிரதை... உங்கள் முகம் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்!

டிரான்ஸ்பார்மரில் அடிபட்டு ஒரு காக்கா செத்துக் கிடந்தால், எங்கிருந்தோ ஐம்பது, நூறு காக்கைகள் கூடிக் கத்துவதைப் பார்த்திருப்பீர்கள். துக்கம் விசாரிக்க வருகின்றன என்று நாம் சொல்வோம். சியாட்டில் ஆராய்ச்சியாளர்கள் இதையும் சோதித்து 2015ல் வெளியிட்டார்கள். செத்த காக்கையைக் கையில் வைத்திருந்தவரைக் காக்கைகள் பல வாரங்கள் நினைவில் வைத்துத் திட்டின. அந்த இடத்தில் இரை எடுக்கவும் தயங்கின. 'இங்கே ஆபத்து இருக்கிறது, என்னவென்று தெரிந்து கொள்வோம்' என்றுதான் அவை கூடுகின்றன போலிருக்கிறது. துக்கமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதை அளக்கக் கருவி ஏது?

குட்டிக் குட்டிப் புதிர்கள்

கத்திரி வெயிலில் காக்கா வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருக்கும். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சு விட்டுத்தான் உடம்பைக் குளிர வைக்க முடியும். மொட்டை மாடியில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் ஓடி வரும்.

கோழி புழுதியில் புரண்டு, மண்ணை இறகுக்குள் அள்ளிப் போட்டுக் கொள்வது, குளியல்தான். இறகில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கும் பேனும் புழுதியோடு உதிர்ந்துவிடும்.

காக்காவும் மைனாவும் சில நேரம் எறும்புப் புற்றின் மேல் இறக்கையை விரித்துப் படுக்கும்; எறும்பை அலகால் பிடித்து இறகில் தேய்த்தும் கொள்ளும். நம் நாட்டின் பறவை நிபுணர் சலீம் அலி, 1936லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். எறும்பு பீய்ச்சும் அமிலம் பேன்களை விரட்டும் என்பது ஒரு கட்சி. அமிலம் போனபின் எறும்பைத் தின்பது சுலபம் என்பது இன்னொரு கட்சி. சண்டை இன்னும் தீரவில்லை.

புறா நடக்கும்போது தலையை முன்னும் பின்னும் ஆட்டுகிறதே? பின்னால் ஆட்டுவதே இல்லை! தலையை முதலில் முன்னால் நீட்டி, அசையாமல் வைத்துக் கொள்ளும். உடம்பு பின்னாலிருந்து வந்து சேரும். தலை அசையாமல் இருந்தால்தான் சுற்றியுள்ள காட்சி தெளிவாகத் தெரியும். கனடாவில் 1978ல் ஒரு புறாவை டிரெட்மில்லில் நடக்க விட்டார்கள். கால்கள் நடந்தன, ஆனால், சுற்றியுள்ள காட்சி நகரவில்லை. தலையாட்டலும் நின்று போனது!

புதுக் கோழிக்கு ஏன் அடி?

சந்தையில் இருந்து ஒரு புதுக் கோழியை வாங்கி வந்து கூண்டில் விட்டால், பழைய கோழிகள் எல்லாம் சேர்ந்து அதைக் கொத்தி ரத்தம் வர வைத்துவிடும். பொறாமை என்று நினைப்போம். விடை கண்டுபிடித்தவர், நார்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டரூப் எப்பே. பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே கோழிகளைப் பார்த்துப் பார்த்து, எது எதைக் கொத்துகிறது என்று நோட்டில் குறித்து வைத்தவர்! பெரியவரானதும் 1921ல் அதை ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார். கோழிக் கூட்டத்தில் ஒரு வரிசை உண்டு. முதல் கோழி எல்லாரையும் கொத்தும். இரண்டாவது கோழி, முதலாவதைத் தவிர மற்றவர்களைக் கொத்தும். கடைசிக் கோழி எல்லாரிடமும் கொத்து வாங்கும். வரிசை தெரிந்துவிட்டால் சண்டை குறைந்துவிடும். புதுக் கோழிக்கு வரிசையில் இடம் கிடையாது, அதனால்தான் அடி. சில நாட்கள் நடுவில் வலை கட்டி, ஒன்றையொன்று பார்த்துப் பழக விட்டு, பிறகு சேர்த்து விடுங்கள்.

கூண்டுக்குள் உடம்பு சரியில்லையா?

நம் வீடுகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி வளர்ப்பது பெரும்பாலும் பட்ஜெரிகர் என்ற ஆஸ்திரேலியப் பறவையை. (பச்சைக்கிளி வளர்ப்பது 1972ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.) தனியாக இருக்கும் பட்ஜெரிகர், கூண்டுக் கண்ணாடிக்குத் தினையைக் கக்கி ஊட்டும். பைக் குருவிக்குக் கண்ணாடியில் தெரிந்தது எதிரி. இதற்குத் தெரிவது ஜோடி! எப்போதும் இதே வேலையாக இருந்தால் கண்ணாடியை எடுத்துவிடுங்கள். தூங்கப் போகும்போது அலகை 'நறநற' என்று தேய்ப்பதும், ஒற்றைக் காலில் நிற்பதும் சுகமாக இருப்பதன் அடையாளம்.

பயப்பட வேண்டியது வேறு. காட்டில், நோயுற்ற பறவையைத்தான் பருந்து முதலில் குறி வைக்கும். அதனால் பறவைகள் நோயை வெளிக்காட்டாமல் மறைக்கும். நம் கண்ணுக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். பகலிலும் இறகைச் சிலிர்த்து, உப்பிப் போய் உட்கார்ந்திருக்கிறதா? கூண்டின் தரையில் ஒடுங்கிக் கிடக்கிறதா? ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடுகிறதா? உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

தினைக் கிண்ணத்தையும் வாயால் ஊதிப் பாருங்கள். பட்ஜெரிகர் தினையை உரித்துத் தின்றுவிட்டு, உமியைக் கிண்ணத்திலேயே போட்டுவிடும். பார்த்தால் கிண்ணம் நிறைய தினை இருப்பது போலவே இருக்கும். உள்ளே ஒரு மணி கூட இருக்காது! 'நிறைய இருக்கிறதே' என்று நாம் நினைக்க, அது பட்டினி கிடக்கும். அடுப்பங்கரைக்குப் பக்கத்திலும் கூண்டை வைக்காதீர்கள். நான்ஸ்டிக் தவா அடுப்பில் காய்ந்து தீய்ந்தால் வரும் புகை, பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

உடம்பு சரியில்லாத பறவையைத் தனிக் கூண்டில் விட்டு, மூன்று பக்கமும் துணியால் மூடி, ஃபேன் காற்று படாமல் வைத்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையைக் கரைத்து ஊற்றக் கூடாது. அதன் மொத்த எடையே முப்பது, நாற்பது கிராம்தான்!