தறிக்குழியும் எரிவாயுவும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. கூடத்தின் பாதியைக் குழித்தறி அடைத்துக்கொள்ளும். மீதிப் பாதியில்தான் நாங்கள் ஆறு பேரும் உண்பதும் உறங்குவதும் படிப்பதும். சமையலறை என்று தனியாக ஒன்று கிடையாது. இத்தகைய வீட்டில் எரிவாயு அடுப்பை எங்கே, எப்படிப் பொருத்த வேண்டும் என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். பட்டு நெய்கிறவர்கள் அல்லவா!

2016ஆம் ஆண்டு தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் இணைப்பை வீட்டுப் பெண்ணின் பெயரில்தான் தருவார்கள். அம்மாவின் பெயரில் எங்களுக்கும் கிடைத்தது. ஆயாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. விறகடுப்புக் குழம்பின் ருசி வராதாம். (இன்றும் அதையே சொல்கிறார், ஆனால் காலையில் காப்பிக்கு முதலில் அடுப்பைப் பற்ற வைப்பவர் அவரே.) சிலிண்டரைக் கொண்டுவந்தவருக்கு அவசரம். தறிக்கு மூன்று முழம் தள்ளி, கூடத்து மூலையில் வைத்து மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் சிலிண்டருக்குள் இருப்பது என்ன? வகுப்பில் கார்பன் சேர்மங்கள் பாடத்தில் படித்த புரொப்பேனும் பியூட்டேனும்தான். அழுத்தத்தால் திரவமாக்கி 14.2 கிலோ அடைத்திருக்கிறார்கள். வெளியே வந்தால் அத்திரவம் ஏறத்தாழ 250 மடங்கு விரிந்து வாயுவாகும். இவ்வாயு காற்றைவிடக் கனமானது. புகையைப் போல மேலே போகாது. தண்ணீரைப் போலத் தாழ்ந்த இடம் தேடிப் போகும். இயற்கையில் இதற்கு மணமே கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைச் சிறிது சேர்த்து அனுப்புகிறார்கள்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலை. தறியில் முகூர்த்தப் புடவை ஒன்று. முந்தி மட்டும் பாக்கி. மின்விளக்கைப் போட்டுவிட்டுத் தாத்தா குழியில் காலை விட்டு உட்கார்ந்தார். “இன்னாம்மா நாத்தம் இது? எலி ஏதாவது செத்துக் கெடக்குதா பாரு” என்றார். தறியருகே தரையில் வைக்கும் சாமி விளக்கை ஏற்ற ஆயா தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார். எங்களுக்குச் சட்டென்று சிஸ்டர் நடத்திய பாடம் நினைவுக்கு வந்தது. பாய்ந்து தீப்பெட்டியைப் பிடுங்கினோம். எரிந்துகொண்டிருந்த மின்விளக்கை அணைக்கவும் விடவில்லை. அணைக்கும்போதும் சுவிட்சில் பொறி உண்டாகும். அப்பா ரெகுலேட்டரைக் கழற்றிச் சிலிண்டருக்கு மூடி போட்டார். கதவு சன்னல் எல்லாவற்றையும் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடினோம். தாத்தாவோ, “பொடவைய வுட்டுட்டு எங்க வர்றது?” என்று எழுந்திருக்கவே மறுத்தார். இருபது நாள் உழைப்பு அல்லவா? அப்பாதான் அவரைக் குழந்தையைப் போலத் தூக்கி வந்தார். தெருவில் நின்று 1906 என்ற அவசர எண்ணுக்குச் சொன்னோம்.

வந்த மெக்கானிக் சோப்பு நீரைத் தடவிப் பார்த்தார். சிலிண்டரின் வாயில் உள்ள சிறு ரப்பர் வளையம் வெடித்திருந்தது. அதன் வழியே இரவெல்லாம் சிறிது சிறிதாகக் கசிந்த வாயு குழிக்குள் போய்த் தங்கியிருக்கிறது. விளக்கைப் போட்டபோதே விபரீதம் நேராதது எங்கள் நல்ல காலம். சுவிட்சு சுவரில் உயரத்தில் இருந்தது, வாயு தரைக்குக் கீழே இருந்தது.

பிறகு நாங்கள் ஒரு கணக்குப் போட்டோம். எங்கள் தறிக்குழி இரண்டரை அடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். பத்துக் கன அடி, அதாவது சுமார் 280 லிட்டர். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு இவ்வாயு கலந்தாலே தீப்பற்றும். அப்படியானால் குழிக்கு ஆறு லிட்டர் வாயுவே போதும். அது இருமல் மருந்து மூடியில் இரண்டு மூடி அளவுத் திரவம்! கணக்கைக் கேட்ட ஆயா அன்று முழுவதும் அடுப்பின் பக்கமே போகவில்லை.

கனடாவில் இருக்கும் தோழி ஒருத்தியின் மாமாவிடம் இதைச் சொன்னபோது, அங்கே காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியிலும் இதே கவலைதான் என்றார். கடுங்குளிரில் பியூட்டேன் ஆவியாகாது. புரொப்பேனோ பூச்சியத்துக்குக் கீழே 42 பாகை வரையில் ஆவியாகும். ஆகவே வண்டியில் புரொப்பேன் கணப்பைப் பொருத்துகிறார்கள். சிலிண்டர் வண்டிக்கு வெளியே முன்புறத்தில் இருக்கும். கணப்பு எரியக் குழாய் வழியே வெளிக்காற்றை எடுத்து, புகையையும் குழாய் வழியே வெளியேற்றும். இல்லாவிட்டால் மூடிய வண்டிக்குள் மணமற்ற கார்பன் மோனாக்சைடு நிறைந்து, தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். வாயுக் கசிவைக் காட்டும் மணியையோ தரையை ஒட்டித்தான் பொருத்துவார்களாம். அந்த ஒரு செய்தி எங்களுக்குப் பெரிதும் உதவியது. அதுவரை உயரத்தில் ஒரு சன்னல் வைத்தால் போதும் என்றே எண்ணியிருந்தோம்.

இப்போது கொல்லைப்புறத்தில் ஓடு வேய்ந்த சாய்ப்பு ஒன்றில் சமையல். சிலிண்டர் தரையில் நிமிர்ந்து நிற்கிறது; அடுப்பு அதைவிட உயரமான மேடையில். தரையோடு தரையாகச் சுவரில் இரண்டு துளைகள், எலி வராதபடி கம்பி வலை அடித்து. ரப்பர் குழாயில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பார்த்து, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று சுவரிலேயே எழுதிவைத்திருக்கிறோம். புதுச் சிலிண்டர் வந்தால் வளையம் இருக்கிறதா என்று பார்த்து, சோப்பு நீர் தடவுவது எங்கள் வேலை. இரவு படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுவது அம்மாவின் வேலை.

அந்த முகூர்த்தப் புடவை குறித்த நாளில் முடிந்து போய்ச் சேர்ந்தது. தாத்தா இன்றும் தறியில் உட்காரும் முன், குழியில் குனிந்து ஒருமுறை மோந்து பார்த்த பிறகே காலை உள்ளே விடுகிறார்.