வாடகையில் வேரூன்றிய லண்டன்

சொந்த வீடு இருந்தால்தான் குடும்பம் ஓரிடத்தில் நிலைகொள்ளும், வாடகைக் குடித்தனம் என்றைக்கும் நிச்சயமற்றதுதான் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்து லண்டன் (1837–1901) இதற்கு நேர்மாறான சாட்சி சொல்கிறது. அங்கே கூலித் தொழிலாளி மட்டுமின்றி வக்கீலும் டாக்டரும் பேர்பெற்ற எழுத்தாளர்களும் வாடகைக்கே குடியிருந்தார்கள். முதல் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு குடும்பம்தான் சொந்த வீட்டில் வாழ்ந்தது என்பது பொதுவான மதிப்பீடு. லண்டனின் மனைகளில் பல பெட்ஃபோர்டு, குரோவ்னர் போன்ற பிரபுக் குடும்பங்களின் கையில் இருந்தன. அவற்றை நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்து வீடு கட்டியவர்கள், கட்டிய வீடுகளை வாடகைக்கு விட்டார்கள். வாடகை எல்லோருக்கும் பொதுவாக இருந்த அந்த ஊரில் சில குடும்பங்கள் வேரூன்றின, சில அலைக்கழிந்தன. காரணத்தைத் தேடினால், எந்த நிபந்தனையில் குடியிருந்தார்கள் என்பதில்தான் போய் முடிகிறது.

1837 மார்ச்சில் சார்லஸ் டிக்கன்ஸ் டவுட்டி தெருவின் 48ஆம் எண் வீட்டில் குடியேறினார். வாடகை ஆண்டுக்கு 80 பவுண்டு, ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்கு. உடன் வந்தவர்கள் மனைவி கேத்தரின், தலைப்பிள்ளையான கைக்குழந்தை, மைத்துனி மேரி. அப்போது டிக்கன்ஸுக்கு 25 வயது. எழுத்தை நம்பி வாழ்ந்தவரால் வீடு வாங்குவதை நினைத்தும் பார்த்திருக்க முடியாது. அந்த வீட்டிலேயே இரண்டு மகள்கள் பிறந்தார்கள். குடும்பம் பெருகியதும், 1839 டிசம்பரில், ரீஜென்ட்ஸ் பூங்காவுக்கு அருகே இன்னும் பெரிய வீட்டுக்கு மாறினார்கள். கடன் வாங்கிக் கட்டிய வீடாக இருந்தால் இவ்வளவு எளிதாக மாறியிருக்க முடியுமா? குடும்பத்தின் தேவைக்கேற்ப வீட்டை மாற்றிக்கொள்ள வாடகை இடம் கொடுத்தது. கையில் இருந்த ஒப்பந்தம், இடையில் யாரும் வெளியேற்ற மாட்டார்கள் என்ற உறுதியைக் கொடுத்தது.

அடுத்தவர் வீட்டுக்கு யார் செலவு செய்வார்கள் என்ற கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். இதற்கு விடை செல்சி பகுதியின் செய்ன் ரோவில் இருக்கிறது. எழுத்தாளர் தாமஸ் கார்லைலும் அவர் மனைவி ஜேனும் ஸ்காட்லாந்திலிருந்து தட்டுமுட்டுச் சாமான்களோடு வந்து, 1834இல் அங்கே 35 பவுண்டு ஆண்டு வாடகையில் குடியேறினார்கள். கார்லைல் 1881இல் அதே வீட்டில்தான் இறந்தார். 47 ஆண்டுகளும் வாடகை ஏறவே இல்லை. கணவர் ஊரில் இல்லாத நாட்களில் ஜேன் வேலையாட்களை வைத்துச் சுவரையும் கூரையையும் செப்பனிட்டார். 1852இல் குழாய்த் தண்ணீர் வந்தது. பக்கத்து வீட்டுச் சேவல் சத்தமும் தெருவோசையும் எழுதவிடாமல் தொல்லை கொடுத்ததால், கார்லைலுக்காக மாடியின் உச்சியில் இரட்டைச் சுவர் வைத்து, மேலிருந்து வெளிச்சம் விழும்படி ஓர் அறையே கட்டினார்கள். காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயம் இல்லாதபோது, குடியிருப்பவர் வாடகை வீட்டையும் தன் வீடாகவே பேணுவார்.

இவையெல்லாம் ஓரளவு வசதியுள்ளவர்கள் கதை என்று சொல்லலாம். வசதியில்லாதவர்களுக்கு என்ன நடந்தது என்பதைக் கார்ல் மார்க்ஸின் குடும்பம் காட்டுகிறது. 1850இல் அவர்கள் செல்சியில் குடியிருந்தபோது, ஐந்து பவுண்டு பாக்கிக்காக இரண்டு அமீனாக்கள் வீட்டுக்குள் நுழைந்தார்கள். கட்டில், படுக்கை விரிப்பு, துணிமணி ஆகியவற்றோடு கைக்குழந்தையின் தொட்டிலும் பெண்பிள்ளைகளின் பொம்மைகளும்கூட ஜப்தியில் சேர்ந்தன. நீதிமன்றப் படி ஏறாமலே இப்படிச் செய்ய வீட்டுக்காரருக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருந்தது. பிறகு சோஹோவில் இரண்டே அறைகளில் ஆண்டுக்கணக்கில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். 1856இல் மார்க்ஸின் மனைவி ஜென்னிக்கு வந்த பரம்பரைச் சொத்துப் பணத்தால்தான் கென்டிஷ் டவுனில் ஒரு முழு வீட்டுக்குப் போக முடிந்தது. அதன் ஆண்டு வாடகை 36 பவுண்டு, கார்லைல் கொடுத்ததைவிட ஒரே பவுண்டு கூடுதல். பணம் இல்லாததுதான் அவர்களை வாட்டியது, உண்மை. ஆனால் வறுமையோடு சேர்த்துத் தொட்டிலையும் பறிகொடுக்க வைத்தது சட்டம். 1888இல் சட்டம் திருத்தப்பட்டு, துணியும் படுக்கையும் தொழில் கருவிகளும் ஐந்து பவுண்டு மதிப்பு வரை ஜப்தியிலிருந்து விலக்கப்பட்டன. சட்டத்தால் நேர்ந்த கொடுமையைச் சட்டத்தால் குறைக்கவும் முடிந்தது.

ஏழைக்கு இப்படிச் சலுகை காட்டினால் வீட்டுக்காரர் நஷ்டப்படுவாரே என்பது அடுத்த வாதம். 1865இல் சமூகச் சீர்திருத்தவாதி ஆக்டேவியா ஹில், எழுத்தாளர் ஜான் ரஸ்கின் கொடுத்த பணத்தில், மேரிலபோனில் பாழடைந்த வீடுகளைப் பொறுப்பேற்றுச் செப்பனிட்டார். வாரந்தோறும் வாடகை வசூலிப்பதில் கறாராக இருந்தார். கொடுக்காதவர்களை வெளியேற்றவும் செய்தார். வசூலில் மிஞ்சியதை அந்த வீடுகளுக்கே செலவிட்டார். முதலீட்டுக்கு ஆண்டுக்கு ஐந்து சதவீத வருவாயும் கிடைத்தது. அவருடைய கண்டிப்பு எல்லோருக்கும் ஏற்புடையதாக இருக்காது. ஆனால் ஏழைக்குக் குடியிருக்கத் தக்க வீடு கொடுத்தால் முதல் மூழ்கிவிடும் என்ற வாதத்தை அவர் கணக்கோடு உடைத்துக் காட்டினார். வாடகைக் குடும்பத்தை இன்றோ நாளையோ கிளம்பப்போகும் கூட்டமாகப் பார்ப்பது அநீதி. எழுத்தில் காலக்கெடு, திடீரென ஏறாத வாடகை, சட்டத்தின் காவல் ஆகிய மூன்றும் கிடைத்தால், பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் ஒரு குடும்பம் அங்கே வேர்விடும்.