முகத்துக்கு ஏற்ற வில்லை: மன்னார்க் கரையை முன்வைத்து ஓர் அறிமுகம்

மனித முகத்தைப் படம்பிடிக்க எந்த வில்லை ஏற்றது என்ற கேள்விக்கு 85 மில்லிமீற்றர் என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. அவ்விடை சரியானதே, ஆனால் அதற்கான காரணம் பலர் எண்ணுவதுபோல் வில்லையின் கண்ணாடிக்குள் இல்லை. படத்தில் ஒரு முகம் எந்த வடிவில் தோன்றும் என்பதைத் தீர்மானிப்பது கமராவுக்கும் முகத்துக்கும் இடையிலான தூரமே. மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் இருக்கும் என்று கொண்டால், அரை மீற்றர் தூரத்தில் நின்று எடுத்த படத்தில் மூக்கு காதைவிட 24 வீதம் பெரிதாக்கப்பட்டுப் புடைத்துத் தெரியும். இரண்டு மீற்றர் தள்ளி நின்றால் அந்த வேறுபாடு 6 வீதமாகக் குறைந்து, பழகியவர்கள் அறிந்த முகமாகவே அது படத்தில் பதியும்.

அப்படித் தள்ளி நின்ற பிறகும் முகம் சட்டத்துக்குள் போதிய அளவு பெரிதாக வரவேண்டும் என்பதற்காகவே நீண்ட குவியத்தூரம் தேவைப்படுகிறது. மிகத் தொலைவிலிருந்து வரும் ஒளிக்கதிர்களை வில்லை ஒரு புள்ளியில் குவிக்கும்போது, வில்லையின் மையத்துக்கும் அப்புள்ளிக்கும் இடையே உள்ள தூரமே குவியத்தூரம் எனப்படும். அது கூடக் கூட, வில்லை பார்க்கும் பரப்பு ஒடுங்கும். 36க்கு 24 மில்லிமீற்றர் அளவுள்ள முழுச்சட்டக உணரியைக் கொண்ட கமராவை நிமிர்த்திப் பிடித்து, இரண்டு மீற்றர் தூரத்திலிருந்து 85 மில்லிமீற்றர் வில்லையால் நோக்கினால், தலை முதல் இடுப்பு வரையான ஏறத்தாழ 85 சென்ரிமீற்றர் உயரம் சட்டத்துக்குள் அடங்கும். அதே அளவை 35 மில்லிமீற்றர் வில்லையால் பெற 80 சென்ரிமீற்றர் வரை நெருங்கவேண்டியிருக்கும்.

பேசாலைக் கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கும் ஒருவரைப் படமெடுக்க முனையும்போது இந்தக் கணக்கின் மற்றொரு பயன் தெரியவரும். அவருக்குப் பின்னே கரையேற்றிய வள்ளங்களும், கிடுகு வேய்ந்த வாடிகளும், கருவாடு காயும் பரப்பும், நைலோன் கயிற்றுக் குவியலும் நெருக்கமாகக் கிடக்க, நிமிர்த்திப் பிடித்த கமராவில் 35 மில்லிமீற்றர் வில்லை அகலவாக்கில் 38 பாகை அளவுக்கு அவை அனைத்தையும் வாரிக்கொள்ளும். 85 மில்லிமீற்றர் வில்லையோ 16 பாகையோடு நின்றுவிடுவதால், படமெடுப்பவர் ஓரடி இடப்பக்கம் நகர்ந்தாலே வள்ளத்தின் நீல நிறம் மட்டும் பின்னணியாக மிஞ்சும்படி செய்யலாம். தொழிலையும் தொழிலாளியையும் சேர்த்துச் சொல்லும் படத்துக்கு 35 மில்லிமீற்றரே உகந்தது. ஆயினும் அப்போது முகத்தைச் சட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளாமலும், இரண்டு மீற்றருக்குள் நெருங்காமலும் இருப்பது நல்லது.

சிறிய உணரியுள்ள கமராக்களில் கணக்குச் சற்று மாறும். அவ்வுணரி முழுச்சட்டகத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சிறிதாகையால், விலை குறைந்த 50 மில்லிமீற்றர் வில்லையே அதில் 75 மில்லிமீற்றருக்கு நிகரான பார்வையைத் தரும். புதிதாகத் தொடங்குபவர் பெருந்தொகை செலவிட வேண்டியதில்லை என்று உறுதியாகச் சொல்ல இதுவே போதும். ஓகஸ்ட் 15ஆம் திகதி மடு மாதா திருவிழாவில் திரளும் கூட்டத்துக்குள் பின்னகர இடமிராது என்பதால், முழுச்சட்டகக் கமரா வைத்திருப்பவருக்கும் அங்கே 50 மில்லிமீற்றரே கைகொடுக்கும்.

குவியத்தூரத்துக்கு அடுத்தபடியாகக் கருதவேண்டியது ஒளி புகும் துவாரத்தின் அளவு. குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே எஃப் எண். 85 மில்லிமீற்றர் வில்லையில் எஃப் 1.8 என்பது 47 மில்லிமீற்றர் அகலமுள்ள துவாரத்தைக் குறிக்கும். முகப்படத்துக்கென்றே கணக்கிட்டு உருவாக்கிய முதல் வில்லை, வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் 1840இல் வடிவமைத்து ஃபொய்க்ட்லாண்டர் நிறுவனம் தயாரித்ததாகும். ஏறத்தாழ எஃப் 3.6 அளவான அதன் துவாரம் முந்திய வில்லைகளைவிடப் பல மடங்கு ஒளியை உள்ளே விட்டமையால், அசையாமல் அமர்ந்திருக்கவேண்டிய நேரம் வெகுவாகக் குறைந்தது. அதன் படங்கள் நடுவில் கூர்மையாகவும் ஓரங்களில் குழைந்தும் அமைந்தன. அத்தகைய ஒரு வில்லையோடு தம் பணியைத் தொடங்கிய ஜூலியா மார்கரெட் கமெரன், கூர்மை குன்றிய முகங்களுக்காகத் தம் காலத்தில் கண்டிக்கப்பட்டு, இன்று அவற்றுக்காகவே போற்றப்படுகிறார். 1875இல் இலங்கைக்கு வந்த அவர் இங்குள்ள மக்களையும் படமெடுத்து, 1879இல் இங்கேயே மறைந்தார்.

அகன்ற துவாரத்துக்கென அதிக விலை கொடுக்குமுன் மன்னாரின் வெயிலை எண்ணிப் பார்க்கவேண்டும். இரண்டு மீற்றர் தூரத்தில், எஃப் 1.8இல் 85 மில்லிமீற்றர் வில்லை கூர்மையாகக் காட்டும் ஆழம் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றரே என்பதால், கண் தெளிந்தால் காது மங்கிவிடும். எஃப் 4இல் அது 13 சென்ரிமீற்றராகி, முகம் முழுவதும் தெளிவாகும். மேலும் உணரியின் ஒளியுணர்திறனை (ISO) 100 என வைத்து, நேர்வெயிலில் எஃப் 1.8இல் படமெடுக்க ஒரு செக்கனின் 8000இல் ஒரு பங்கு வேகம் தேவைப்பட, பல கமராக்களின் மூடி 4000இல் ஒரு பங்கோடு நின்றுவிடும். ஆகவே உச்சிவெயிலில் கண்குழிகள் கருத்துப்போகும் திறந்த மணலைவிட வாடியின் இறவாணத்து நிழலே சிறந்த இடம்: வெளியே கிடக்கும் வெண்மணல் ஒளியைக் கீழிருந்து தெறிக்கவைத்து நாடியின் அடிநிழலை நீக்குகிறது, எஃப் 2.8க்கும் 4க்கும் இடைப்பட்ட துவாரம் அங்கு தாராளமாகப் போதும்.

மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளோடு தம்பபவனி மின்நிலையம் அமையக் காரணமான காற்றே வில்லைக்குப் பகையாகவும் இருக்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் கரையில் நின்று வில்லை மாற்றினால் மணல்துகள் உணரிமீது படியும் என்பதால், வீட்டிலேயே ஒரு வில்லையைப் பூட்டிக்கொண்டு புறப்படுவது அறிவுடைமை. பக்கவெயிலையும் உப்புத்துளியையும் ஓரளவு தடுக்க வில்லைமுகப்புக் கவசம் உதவும். கண்ணாடியில் உப்புப் படிந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காமல், முதலில் மணலை ஊதி அகற்றி, பின்னர் வில்லைக்குரிய திரவத்தில் சற்றே நனைத்த மென்துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் துடைக்கவேண்டும்.