கார்டு இருக்கு, ஆனா லினக்ஸுக்குத் தெரியல!

இந்த எபிசோடை பாலக்கோட்டுல எங்க வீட்ல இருந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி ஒரு காத்துச் சத்தம் கேட்டா அது சீலிங் ஃபேன் இல்ல, என் கிராஃபிக்ஸ் கார்டு.

போன மாசம் ஒரு ராத்திரி அப்பா வந்து கேட்டார்: "ஏன் கண்ணு, நீ தூங்கினப்புறமும் அந்த டப்பா ஓடிட்டே இருக்கே, யார் வேலையைச் செய்யுது அது?" நியாயமான கேள்வி. கரண்ட் பில் கட்டறது அவர். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போய்தான் இந்த எபிசோடே வந்துச்சு.

என் கம்ப்யூட்டர் செய்யறது தன்னார்வக் கணிப்பு. ஒரு பெரிய ஆராய்ச்சிக் கணக்கை லட்சக்கணக்கான சின்னத் துண்டா வெட்டி, உலகம் முழுக்க இருக்கற வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புவாங்க. நம்ம மெஷின் சும்மா இருக்கற நேரத்துல கணக்குப் போட்டு விடையைத் திருப்பி அனுப்பும். 1999 மே மாசம் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்ச செட்டி அட் ஹோம்தான் இதைப் பிரபலமாக்கினது. வேற்றுக்கிரக சிக்னல் தேடற அந்தத் திட்டம் 2020 மார்ச் இறுதியில புது வேலை அனுப்பறதை நிறுத்திடுச்சு. ஆனா அதே இடத்துல உருவான போயின்க் மென்பொருள் இன்னைக்கும் பல திட்டங்களுக்கு அடித்தளம்.

நான் ஓட்டறது அதுல ஒண்ணு, ஐன்ஸ்டைன் அட் ஹோம். 2010ல அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியோட தரவுல, விநாடிக்குச் சுமார் 41 தடவை சுத்தற ஒரு பல்சர் கிடைச்சுது. அதைப் பிடிச்சது அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல இருந்த ஒரு கம்ப்யூட்டரும், ஜெர்மனியில மைன்ஸ் நகரத்துல இருந்த ஒரு கம்ப்யூட்டரும். ரெண்டுமே தன்னார்வலர்கள் கொடுத்த மெஷின்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உபுண்டு போட்டு, போயின்க் போட்டு, திட்டத்துல சேர்ந்து, ஈவென்ட் லாகைத் திறந்தா ஒரே ஒரு வரி: "நோ யூசபிள் ஜிபியூஸ் ஃபவுண்ட்". கார்டு கண்ணு முன்னாடி சுத்திட்டு இருக்கு, லினக்ஸ் இல்லைங்குது. இந்த இடத்துலதான் எல்லாரும் தப்புப் பண்றோம். நானும் பண்ணேன். பதட்டத்துல டிரைவர் ஃபைலை வெப்சைட்ல இருந்து நேரா இறக்கி, ஏற்கெனவே ஆப்ட் மூலமா இருந்த டிரைவர் மேலயே இன்ஸ்டால் பண்ணேன். அடுத்த கெர்னல் அப்டேட்ல கருப்பு ஸ்கிரீன். காலையில 9 மணிக்கு ஆபீஸ் மீட்டிங். கிரப் மெனுவுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய், பழைய கெர்னல்ல பூட் பண்ணித்தான் தப்பிச்சேன்.

அதனால முதல் விதி: டிரைவரை ஒரே வழியில மட்டும் போடுங்க. உபுண்டுல "உபுண்டு டிரைவர்ஸ் டிவைசஸ்"னு கமாண்ட் கொடுத்தா உங்க கார்டுக்கு எது பொருத்தம்னு அதுவே சொல்லும். அதை அப்படியே எடுத்துக்குங்க.

இனி ஒவ்வொரு படியா கீழிருந்து மேல போவோம். ஒரு படி சரியாகாம அடுத்ததுக்குத் தாவாதீங்க.

முதல் படி, எந்த டிரைவர் ஓடுது? "எல்எஸ்பிசிஐ மைனஸ் கே" அடிச்சு, "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" வரியைப் பாருங்க. என்விடியா கார்டுக்கு அங்க "நூவோ"ன்னு இருந்தா அது ஓப்பன் சோர்ஸ் டிரைவர். படம் காட்ட அது போதும். ஆனா நம்ம கணக்குக்கு கூடா அல்லது ஓப்பன்சிஎல் வேணும், அதுக்கு நூவோவை நம்ப முடியாது. கம்பெனி டிரைவர் வேணும்.

ரெண்டாவது படி, டிரைவர் போட்டும் கெர்னல்ல ஏறலையா? "என்விடியா எஸ்எம்ஐ" அடிங்க. கார்டு பேரும் வெப்பநிலையும் வந்தா நல்லது. "வெர்ஷன் மிஸ்மேட்ச்"னு திட்டினா, அப்டேட் பண்ணிட்டு ரீபூட் பண்ணலைன்னு அர்த்தம். டிரைவரோட பேசவே முடியலைன்னு சொன்னா ரெண்டு காரணத்தைச் சந்தேகப்படுங்க. ஒண்ணு, கெர்னல் ஹெடர்ஸ் இல்லாம டிகேஎம்எஸ் மாட்யூலைக் கட்ட முடியாமப் போயிருக்கும். "டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்" பார்த்தா தெரியும். இன்னொண்ணு, செக்யூர் பூட். உங்க மெஷின்லயே கட்டின மாட்யூலுக்குக் கையெழுத்துச் சாவி பதிஞ்சிருக்கணும். இன்ஸ்டால் பண்ணும்போது ஒரு பாஸ்வேர்ட் கேட்கும். ரீபூட்ல ஒரு நீலத் திரை சில விநாடி மட்டும் வரும். டீ போடப் போயிட்டா போச்சு! அங்க "என்ரோல் மாக்" தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்கணும்.

மூணாவது படி, ஓப்பன்சிஎல். "சிஎல்இன்ஃபோ" அடிச்சா பிளாட்ஃபார்ம் எண்ணிக்கை பூஜ்யம்னு வந்தா, டிரைவர் ஓடுது, ஆனா ஓப்பன்சிஎல் பகுதி இல்ல. அந்த டிரைவரோட கம்ப்யூட் பேக்கேஜும், ஓப்பன்சிஎல் லோடரும் இருக்கான்னு பாருங்க.

நாலாவது படியிலதான் எனக்கு ரெண்டு ராத்திரி போச்சு. நான் அடிச்சா கார்டு தெரியுது, போயின்க்குக்குத் தெரியல. ஏன்? போயின்க் உங்க பேர்ல ஓடாது. அதுக்குன்னு "போயின்க்"ங்கற தனி யூசர் இருக்கு. அந்த யூசர் பேர்லயே சிஎல்இன்ஃபோவை ஓட்டிப் பாருங்க. ஏஎம்டி, இன்டெல் கார்டா இருந்தா அந்த யூசரை "ரெண்டர்", "வீடியோ" குரூப்ல சேர்க்கணும். அப்புறம் இன்னொரு வில்லன்: போயின்க் ஆரம்பிக்கும்போது ஒரு தடவைதான் கார்டைத் தேடும். பூட் ஆகும்போது டிரைவர் தயாராகறதுக்கு முன்னாடியே அது எழுந்துட்டா, கார்டு இல்லைன்னு முடிவு பண்ணி உட்கார்ந்துடும். போயின்க் கிளையன்ட் சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணினா போதும். என் பிரச்சினை அதேதான். ரெண்டு ராத்திரி தேடினதுக்கு ஒரு வரிக் கமாண்ட்!

அரூர்ல இருந்து ஒரு தம்பி மெயில் போட்டிருந்தார். செகண்ட் ஹேண்ட் ஜிடி 730 வாங்கிப் புது டிரைவர் போட்டாராம், கார்டு எழவே இல்ல. தம்பி, தப்பு உங்க மேல இல்ல. ஜிடி 730ங்கற ஒரே பேர்ல ரெண்டு தலைமுறை சிப் விற்பனைக்கு வந்துச்சு. கெப்ளர் சிப்னா 384 கோர், அதுக்குக் கடைசி டிரைவர் வரிசை 470. ஃபெர்மி சிப்னா 96 கோர், அதுக்கு 390தான் கடைசி. புது டிரைவர் ரெண்டையும் கண்டுக்காது. அந்தக் கார்டுக்காகப் பழைய, பாதுகாப்பு அப்டேட் இல்லாத சிஸ்டத்துல உட்காராதீங்க. சிபியு வேலையை மட்டும் ஓட்டுங்க, அதுவும் ஆராய்ச்சிக்கு உதவிதான்.

இப்ப அப்பாவோட கேள்விக்கு வர்றேன். என் கார்டு ஜிடிஎக்ஸ் 1650, உச்ச மின்தேவை 75 வாட். நாள் முழுக்க முழு வேகத்துல ஓடினா 1.8 யூனிட். நம்ம ஊர்ல பில் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா. 60 நாளைக்கு 108 யூனிட். அதுவும் கார்டு மட்டும்! இதை யாரும் இன்ஸ்டால் பண்ணும்போது சொல்றதில்ல. தினமும் 5 மணி நேரம்னா 22.5 யூனிட். போயின்க் செட்டிங்ஸ்ல எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும்னு குறிக்கலாம். நாம வேலை பார்க்கும்போது நிறுத்திக்கச் சொல்லலாம்.

வெயில் காலத்துல இது இன்னும் முக்கியம். அளவுக்கு மீறிச் சூடான கார்டு தப்பான விடை கொடுக்கலாம். ஒரே கணக்கை ரெண்டு பேருக்கு அனுப்பி விடையை ஒப்பிடுவாங்க. ஒத்து வரலைன்னா மூணாவது ஆளுக்குப் போகும். நம்ம கரண்டும் வீண், இன்னொருத்தர் கரண்டும் கூடுதலா செலவு. அதனால ஒரு வாரம் ஓடினதும் திட்டத்தோட பக்கத்துல உங்க விடைகள் "வேலிட்" ஆகுதான்னு பாருங்க. கார்டு ஓடுதுங்கறதை விட அதுதான் உண்மையான வெற்றி.

அப்பாகிட்ட இந்தக் கணக்கைச் சொல்லி, ஐன்ஸ்டைன் அட் ஹோமோட ஸ்கிரீன்சேவரையும் காட்டினேன். நட்சத்திரக் கூட்டமெல்லாம் ஒரு உருண்டையில சுத்திட்டு இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்தார். "நட்சத்திரம் தேடறதுன்னா ராத்திரியில ஓட்டு. நாலு மணிக்கு நான் தக்காளி எடுத்துட்டு மார்க்கெட் கிளம்பறப்ப நிறுத்திடு"ன்னார். அதனால இப்ப எங்க வீட்ல ராத்திரி 11 முதல் 4 வரைக்கும்.

உங்க லாக்ல எந்த வரி வந்து நின்னுச்சுன்னு எழுதி அனுப்புங்க, நாலு படியில எதுல மாட்டினீங்கன்னும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.