பத்து வருஷ வாரண்டி எதற்கு? – ஃப்ரிட்ஜ், டிவி வாங்கும் முன் கேட்க வேண்டியவை



ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் என்று வந்துவிட்டால் நம் குழுக்களின் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி தவறாமல் இடம் பெறுகிறது: "வீட்டு உபயோகப் பொருள் வாங்கக் கடன்." இதில் தவறு ஒன்றும் இல்லை. வாஷிங் மெஷின் வந்தால் நமக்குத் தினம் ஒரு மணி நேரம் மிச்சம். இட்லி மாவு அரைத்து விற்கும் உறுப்பினருக்கு ஃப்ரிட்ஜ் என்பது ஆடம்பரம் இல்லை, தொழில் கருவி. ஆனால் வாரா வாரம் சேமித்துச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, கடையில் சொல்வதைக் கொஞ்சம் நின்று கேட்டு, புரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

மாவு வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர் ஒருவர் "பத்து வருஷ வாரண்டி" என்று சொன்னதை நம்பி ஃப்ரிட்ஜ் வாங்கினார். இரண்டாம் வருஷமே குளிர்ச்சி நின்றுவிட்டது. வந்து பார்த்த மெக்கானிக், "கேஸ் லீக் ஆயிருக்கும்மா. பத்து வருஷம்கிறது கம்ப்ரஸருக்கு மட்டும்தான். இதுக்குக் காசு கட்டணும்" என்றார். கேஸ் நிரப்ப, குழாய் சரி செய்ய, வந்து போன கூலி எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய். நான்கு நாள் மாவு புளித்துப் போனது தனி நஷ்டம்.

கடைக்காரர் பொய் சொன்னாரா? இல்லை. அட்டையில் 10 வருஷம் என்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ஒரு பாகத்துக்கு. நம் காதில் விழுந்ததோ முழு ஃப்ரிட்ஜுக்கும். கடைகளில் நாம் ஏமாறுவது பெரும்பாலும் இந்தப் பாதி உண்மையில்தான்.

விற்பவர் ஏன் அப்படிச் சொல்கிறார்?

பெரிய கடையில் "வாங்கக்கா, என்ன பாக்குறீங்க?" என்று வரவேற்கும் தம்பி கெட்டவர் இல்லை. அவரும் நம்மைப்போல் சம்பளத்துக்கு நிற்பவர்தான். மாதம் இத்தனை விற்க வேண்டும் என்று அவருக்கு இலக்கு உண்டு. சில மாடல்களை விற்றால் தனியாக ஊக்கத்தொகை உண்டு. சில கடைகளில் நிற்பவர் கடை ஊழியரே அல்ல, ஒரு கம்பெனி நிறுத்தி வைத்திருக்கும் ஆள். அவர் தன் கம்பெனிப் பொருளைத்தான் உயர்த்திப் பேசுவார். எனவே, "தம்பி, நீங்க கடை ஆளா, கம்பெனி ஆளா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அடிக்கடி கேட்கும் வார்த்தைகளும் அவற்றின் மீதிப் பாதியும்

1. "பத்து வருஷ வாரண்டி"
ஃப்ரிட்ஜில் இது கம்ப்ரஸருக்கு, வாஷிங் மெஷினில் மோட்டாருக்கு. முழுப் பொருளுக்கும் பெரும்பாலும் ஒரு வருஷம்தான். கேட்க வேண்டிய கேள்வி: "முழு மெஷினுக்கு எத்தனை வருஷம்? கேஸ் சேருமா? மெக்கானிக் வந்து போற கூலி சேருமா?"

கூடுதல் பணம் கட்டி வாங்கும் 'எக்ஸ்டெண்டட் வாரண்டி' வேறு விஷயம். அது கம்பெனி கொடுப்பதா, கடையோ வேறு நிறுவனமோ கொடுப்பதா என்று பாருங்கள். எலி கடித்த வயர், வோல்டேஜ் கோளாறு, உடைந்த கண்ணாடி போன்றவை பெரும்பாலும் அதில் சேராது. எவை சேராது என்ற பட்டியலை வாங்கி, படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

2. "இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜ்"
இதைக் கேட்டதும் கரண்ட் போனாலும் ஓடும் என்று பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. சாதாரண கம்ப்ரஸர் முழு வேகத்தில் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் தேவைக்குத் தகுந்தபடி வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும். அதனால் மின்சாரம் மிச்சமாகும், சத்தம் குறையும். நல்லதுதான். ஆனால் கரண்ட் இல்லாவிட்டால் அதுவும் நின்றுவிடும். வீட்டில் பேட்டரி இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள், அதில் அந்த மாடல் ஓடுமா என்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

3. "ஃபைவ் ஸ்டார், கரண்ட் பில்லே வராது"
நட்சத்திர லேபிள் 2006-ஆம் ஆண்டு மத்திய அரசின் எரிசக்தித் திறன் அலுவலகம் கொண்டுவந்தது. நட்சத்திரம் கூடினால் மின்சாரம் குறைவு, அது உண்மை. ஆனால் நட்சத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள். அதே லேபிளில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் ஓடும் என்று எண் போட்டிருக்கும். அதுதான் முக்கியம். ஒன்றில் 180, இன்னொன்றில் 120 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 60 யூனிட் மிச்சம். யூனிட் 5 ரூபாய் என்றால் 300 ரூபாய். அந்த மிச்சத்துக்காக 4,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால், போட்ட பணம் திரும்ப 13 வருஷத்துக்கு மேல் ஆகும். விலை வித்தியாசம் 1,000 ரூபாய்தான் என்றால் தாராளமாக ஐந்து நட்சத்திரம் வாங்கலாம்.

லேபிளில் எந்த ஆண்டுக்கு உரியது என்பதும் இருக்கும். தர அளவை அவ்வப்போது உயர்த்துகிறார்கள். அதனால் பழைய சரக்கின் ஐந்து நட்சத்திரமும் புதிய சரக்கின் ஐந்து நட்சத்திரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

4. "ஸ்டெபிலைசர் இல்லாட்டி வாரண்டி கிடையாது"
இப்போது வரும் பல ஃப்ரிட்ஜ்கள் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வோல்ட் வரை ஓடும் என்று பொருளுடன் வரும் புத்தகத்தில் இருக்கும். உங்கள் ஊரில் மாலை 6 மணி முதல் 10 மணிக்குள் எலக்ட்ரீஷியனை வைத்து இரண்டு மூன்று நாள் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அளவுக்கும் கீழே இறங்கினால் ஸ்டெபிலைசர் அவசியம் வேண்டும். இறங்காவிட்டால் அந்தப் பணம் மிச்சம்.

5. "ஐயாயிரம் வாட்ஸ் சவுண்டு"
ஸ்பீக்கர் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. வாட்ஸுக்கு நிலையான அளவுகோல் இல்லை. பக்கத்தில் சின்ன எழுத்தில் ஆர்.எம்.எஸ். என்று ஓர் எண் இருக்கும். அதை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

6. "அந்த மாடல் ஸ்டாக் தீந்துருச்சு, இதைப் பாருங்க"
விளம்பரத்தில் குறைந்த விலை, கடைக்குப் போனால் அது மட்டும் இருக்காது. கொடுக்க வழியில்லாத பொருளைக் காட்டி ஆள் இழுக்கும் விளம்பரங்களை 2022 ஜூனில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் தடை செய்கின்றன. விளம்பரத் தாளைக் கையோடு எடுத்துப் போங்கள். இல்லை என்றால் திரும்பி வாருங்கள். பஸ் செலவு போனால் போகிறது.

"வட்டியே இல்லக்கா, மாசம் ஆயிரத்து ஐந்நூறு கட்டுங்க"

இதை நாம் எல்லோரும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் தெளிவாகக் கூறியது. வட்டி எங்கோ ஒளிந்திருக்கும்: பரிசீலனைக் கட்டணத்தில், அல்லது ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி நமக்குக் கிடைக்காமல் போவதில்.

ஒரு உதாரணம். ஃப்ரிட்ஜ் விலை 18,000. மாதம் 1,500 வீதம் 12 தவணை. பரிசீலனைக் கட்டணம் 600. ஆக மொத்தம் 18,600 ரூபாய். அதே ஃப்ரிட்ஜை "ரொக்கமா குடுத்தா எவ்வளவு?" என்று கேட்டால் 16,500-க்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 'வட்டியில்லா' கடனுக்கு நாம் கொடுப்பது 2,100 ரூபாய்.

இப்போது அந்த 16,500 ரூபாயை நம் குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் கடன் வாங்கி, 12 மாதத்தில் அசலைச் சமமாகக் கட்டினால், குறையும் அசலுக்கு வட்டி 1,072 ரூபாய் 50 காசு. ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். அதோடு, கட்டும் வட்டியும் வெளியே போகாமல் நம் குழு நிதியிலேயே சேர்கிறது. கடைத் தவணையில் ஒரு மாதம் கணக்கில் பணம் இல்லாவிட்டால் நிதி நிறுவனமும் வங்கியும் தனித்தனியாக அபராதம் போடலாம். அந்தத் தவறு பதிவாகி, நாளை வங்கிக் கடனுக்குப் போகும்போது இடைஞ்சலாகவும் வரலாம்.

கடைத் தவணையில்தான் வாங்க வேண்டும் என்ற நிலை வந்தால், நிரப்பாத படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை எதற்கு என்று தெரியாமல் சொல்லாதீர்கள். நாம் கேட்காத வாரண்டி, காப்பீடு, கார்டு கட்டணம் கடனில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள்.

வாயால் சொன்னது பில்லில் ஏறட்டும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். கடையில் சொன்ன வாக்குறுதி எதுவாக இருந்தாலும், "இதைப் பில்லுல எழுதி சீல் வச்சுக் குடுங்க" என்று கேளுங்கள். உண்மையென்றால் எழுதுவார். தயங்கினால் நமக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"பில் வேணாம், குறைச்சுத் தர்றேன்" என்பதற்கு இணங்காதீர்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டியும் இல்லை, புகாருக்கு ஆதாரமும் இல்லை. பில்லில் தேதி, மாடல், பொருளின் சீரியல் எண் மூன்றும் இருக்க வேண்டும். எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. என்று கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. அயர்ன் பாக்ஸ், தண்ணீர் சூடாக்கும் ராடு போன்றவற்றில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். இதில் விலையை விட உயிர் பெரிது.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பில் தர மறுப்பது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துக் குறையுள்ள பொருளோடு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

முதலில் கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம்; தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால், நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

கடைக்குப் போகும் முன் (இதை வெட்டி எடுத்துப் பையில் வையுங்கள்)

- மூன்று கடையில் கடைசி விலை கேட்டேனா? (தள்ளுபடி எத்தனை சதவீதம் என்பது முக்கியமில்லை.)
- ரொக்க விலை எவ்வளவு, தவணையில் மொத்தம் எவ்வளவு?
- முழுப் பொருளுக்கு வாரண்டி எத்தனை வருஷம்?
- வருஷத்துக்கு எத்தனை யூனிட்?
- சர்வீஸ் சென்டர் எந்த ஊரில்? நம் ஊருக்கு வருவார்களா?
- கொண்டுவந்து இறக்க, மாட்டிக் கொடுக்கத் தனிக் கூலி உண்டா?
- பழைய பொருளைக் கொடுக்காமல் வாங்கினால் விலை என்ன?

தனியாகப் போகாதீர்கள். குழுவில் கணக்கு நன்றாகப் பார்க்கும் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். "வீட்டுல கேட்டுட்டு வர்றேன் தம்பி" என்று சொல்லித் திரும்புவதில் வெட்கம் எதுவும் இல்லை. "இன்னிக்கு மட்டும்தான் இந்த விலை" என்பார்கள். நாளைக்கும் கடை திறந்திருக்கும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநர் இதை வாசித்துக் காட்டவும். பொருள் வாங்கக் கடன் கேட்கும் உறுப்பினர் மூன்று கடை விலையை எழுதிக் கொண்டுவர வேண்டும் என்று தீர்மானம் போட்டால் இன்னும் நல்லது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருள்களின் பில், வாரண்டி அட்டை எங்கே என்று இன்றே தேடி ஒரு பையில் போட்டு வையுங்கள்.

– கள ஒருங்கிணைப்பாளர்