கடல் முயல் கற்பிக்கும் பாடம்

இறைவன் படைப்பில் அற்பமானது என்று ஒன்றுமில்லை. கலிபோர்னியாக் கடலோரத்தில் பாசி மேய்ந்து வாழும் 'அப்ளீசியா' என்னும் கடல் முயலே இதற்குச் சான்று. நத்தையினத்தைச் சார்ந்த இவ்வுயிரிக்கு நரம்பணுக்கள் ஏறத்தாழ 20,000 மட்டுமே. மனித மூளையிலோ சுமார் 8,600 கோடி. எனினும் இதன் நரம்பணுக்களுட் சில, வெறுங்கண்ணுக்கே புலப்படும் அளவு பெரியவை.

ஆதலால், நினைவு எவ்வாறு தங்குகிறது என ஆராய முனைந்த அறிஞர் எரிக் கேண்டல் இதனைத் தேர்ந்தார். 1929இல் வியன்னாவில் பிறந்த யூதரான அவர், நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1939இல் அமெரிக்கா சேர்ந்தவர்.

கடல் முயலின் நீர்க்குழலைத் தொட்டால், அது செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். தீங்கற்ற தொடுதல் தொடர்ந்தால், நாளடைவில் பொருட்படுத்தாது. வாலில் மின்னதிர்ச்சி தந்தபின் தொட்டாலோ, முன்னினும் வலுவாக உள்ளிழுக்கும். ஓர் அதிர்ச்சியின் நினைவு சில நிமிடங்களே நிற்கும். இடைவெளி விட்டுப் பன்முறை தந்தால் நாள்கணக்கில் நிலைக்கும். முன்னதில், செரட்டோனின் என்னும் வேதிப்பொருளால் நரம்பணுக்களின் பழைய இணைப்பு சற்றே வலுப்பெறுகிறது. பின்னதிலோ மரபணுக்கள் தூண்டப்பெற்று, புதிய புரதங்கள் உருவாகி, புதிய இணைப்புகளே முளைக்கின்றன. இவ்வாய்வுக்காகக் கேண்டல் 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசை வேறிருவருடன் பகிர்ந்து பெற்றார்.

மத்ரஸாக்களில் திருமறையை மனனம் செய்வோர், பழைய பாடத்தை நாள்தோறும் மீட்டி ஓதுவதன் பொருத்தம் இங்கு விளங்கும். தேர்வுக்கு முந்தைய இரவில் மட்டும் ஏடு புரட்டும் மாணவர் சிந்திப்பாராக! நிலைத்த நினைவு வளர்ந்து வருவது. வளர்ச்சிக்குக் காலம் வேண்டும்.